ஒன்பதரை அடி

லைட் இன்னும் சரியாகவில்லை, இருபது நிமிஷம் ஆகும் என்று மைக்கில் யாரோ சொல்கிறார்கள். இருபது நிமிஷம். அதுவரை நான் இந்த இரும்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்காரத்தான் முடியவில்லை. அண்ணாந்து பார்த்தால் இரண்டு மொட்டைமாடிகள், பிளைவுட்டில் அடித்து சிமென்ட் நிறம் பூசியவை, இருபதடி உயரத்தில் எதிரெதிராக நிற்கின்றன, நடுவில் வெறும் காலை வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் அகலம் ஒன்பதரை அடி. அதைச் சொன்னது நான். நேற்று மத்தியானம்வரை அது பதினோரு அடியாக இருந்தது, அதைச் சொன்னதும் நான்தான். இடது பக்க மாடியில் கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருக்கிற பிலோமினா அக்கா இன்னும் கொஞ்ச நேரத்தில் கையில் குழந்தைப் பொம்மையோடு ஓடி வந்து அதைத் தாண்டப் போகிறார். கதாநாயகிக்கு டூப். இடுப்பில் ரோப் இருக்கும், கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொல்கிறார்கள். உயிருக்கு ஆகாது, சரி. முழங்காலுக்கு? பாதம் போய் இறங்க வேண்டிய இடத்தில் முழங்கால் போய் மோதினால் ரோப் என்ன செய்யும், அந்தரத்தில் தொங்கவிடும், அவ்வளவுதானே. அந்த முழங்காலில் ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நேற்று அவர் பேண்ட்டை உருட்டிக் காட்டினார், ஒரு தையல் தழும்பு, புளியங்காய் மாதிரி வளைந்து. காட்டிவிட்டுச் சிரித்தார். முப்பத்தொன்பது வயது. பதினேழு வருஷமாக மற்றவர்களுக்காக விழுகிறார். சட்டையில் சுருக்கம் எடுப்பதுபோல அந்தப் பட்டியை நீவி நீவிச் சுற்றுகிறார் பார், அவசரமே இல்லை.

என் வேலை படப்பிடிப்புக்கு முன்னால் வருவது. பெரிய சண்டை, துரத்தல் என்றால் அதை முதலில் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் செய்து காட்ட வேண்டும், எங்கே கேமரா, எத்தனை அடியில் சுவர், யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், எல்லாம். நாங்கள் கொடுக்கும் அளவை வைத்துத்தான் தச்சர்கள் செட் போடுவார்கள். வடபழனியில் மாடியில் மூன்று அறை ஆபீஸ், சபேசன் சார் முதலாளி, நான் ஏழு வருஷமாக அங்கே. இந்தத் தாவலை நான் செய்தேன். ஃபைட் மாஸ்டர் கோதண்டம் ஃபோனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார், பிலோமினா அக்கா கடற்கரை மணலில் கையில் மூட்டையோடு தாவுவது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வைத்தேன். அப்போது ஆளை நேரில் பார்த்ததில்லை. அவருடைய உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், அதையும் மாஸ்டர் எழுதி அனுப்பியிருந்தார், அதே உயரத்தில் கேரக்டரைச் செய்தேன். வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்து பார்த்தார். எல்லாம் சரி, பொண்ணு பொடிசா தெரியறா, கொஞ்சம் பெரிசு பண்ணு என்றார். பெரிசு பண்ணினேன். பெண்ணை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பட்ட அவமானம் அது, ஒரு போலீஸ்காரரைப் பெரிதாக்கிவிட்டு லத்தியை மறந்துபோனேன், அவர் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார், ஆபீஸே சிரித்தது. அதனால் இந்த முறை பெண், அவள் நெஞ்சோடு பிடித்திருக்கும் குழந்தை, குழந்தையைச் சுற்றிய துணி, தோளில் தொங்கும் பை, காலில் செருப்பு, அத்தனையையும் ஒரே முடிச்சின்கீழ் கட்டினேன். பேரன்ட் என்போம். பேரன்ட்டைப் பெரிதாக்கினால் அடியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே விகிதத்தில் வளரும். பிடிமானப் புள்ளியைக் கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்தேன், இல்லாவிட்டால் வளரும்போது கால் தரைக்குள் புதைந்துவிடும். ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. என்டர். என்ன அழகாக வளர்ந்தாள். குழந்தையின் கன்னம் அவள் கழுத்தைவிட்டு மயிரிழைகூட நகரவில்லை, பையின் வார் தோளில் அப்படியே படிந்திருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நானே ரசித்துக்கொண்டிருந்தேன். ரசித்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ஏனென்றால் அவளோடு அவளுடைய தாவலும் வளர்ந்திருந்தது. ஓடிவந்து எழும்பினால் எதிர்மாடியின் விளிம்பையும் தாண்டி உள்ளே போய் விழுந்தாள். டைரக்டருக்கு விளிம்பில்தான் கால் படவேண்டும், மயிரிழையில் தப்பியமாதிரி. ஆக எதிர்வீட்டைப் பிடித்து நகர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக, கால் சரியாக விளிம்பில் வந்து பொருந்தும்வரை. எத்தனை அடி நகர்த்துகிறேன் என்று பார்க்கவே இல்லை, கண்தான் பார்த்தது, கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சனிக்கிழமை அளவு எடுத்து அனுப்பினேன். இடைவெளி பதினோரு அடி. அனுப்புவதற்கு முன்னால் கேரக்டரைக் கிளிக் செய்து உயரத்தையும் சரிபார்த்தேன், செய்யாமல் இல்லை, செய்தேன். நூற்று ஐம்பத்திரண்டு என்று காட்டியது. காட்டத்தான் செய்யும். அவளுடைய சொந்த எண் மாறவில்லை, வீக்கம் இருந்தது மேலே, பேரன்ட்டில். அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? மறுபடியும் மறுபடியும் இங்கேயே வந்து முட்டுகிறேன். ஏழு வருஷம் இதே வேலை. ஏன் தோன்றவில்லை?

மேலே யாரோ மரத்தூளைக் கொட்டுகிறார்கள். எதிர்மாடியில் நேற்று சாயங்காலம் ஒட்டவைத்த ஒன்றரை அடிக்கு இன்னும் பெயின்ட் முழுசாகக் காயவில்லை, நிறம் கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறது. வழுக்குமோ. வழுக்காமல் இருக்கத்தான் மரத்தூள். மரத்தூளே வழுக்கினால்? காலையில் ஆறரைக்கே வந்து டேப்பைப் பிடித்து நானே அளந்தேன், அந்த முனையைப் பிடித்தவர் தச்சர். ஒன்பது அடி ஏழு அங்குலம். ஒன்பதரைன்னுதானே சொன்னீங்க, ஒரு அங்குலம் கூட நிக்குதே, பரவால்லியா என்று கேட்டார். ஒரு அங்குலம் என்றால் என் கட்டைவிரலில் பாதி. ஓடிப்போய் பிலோமினா அக்காவிடம் சொன்னேன். டீ கிளாஸை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஒரு அங்குலமா? என் செருப்பு தேயுறதே அவ்ளோ வருமே, போ கண்ணு" என்றார். கண்ணு. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம், அவருக்குத் தலையைக் குனிந்துதான் பேசவேண்டும், என்னைக் கண்ணு என்கிறார்.

உயரம். எனக்கு உயரத்தோடு பழைய பகை. பள்ளிக்கூட போட்டோவில் எப்போதும் கடைசி வரிசை. பெண் பார்க்க வரும்போது அம்மா, மங்கை நீ எழுந்திரிக்காதே, உட்கார்ந்தே வணக்கம் சொல்லு என்பாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தார்கள், வாசற்கதவுக்கு முன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான். கதவின் முக்கால் உயரத்துக்கு மேலே போயிருந்தேன். அம்மா பெருமூச்சு விட்டாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என்னை மட்டும் சுருக்கிப் பார்த்தேன், நாற்காலி பூதம்போல நின்றது, உடனே தெரிந்துவிடும். நாற்காலியையும் என்னோடு சேர்த்துக் கட்டிச் சுருக்கினேன், கதவை அப்படியே விட்டேன். ஐந்தடி நாலு அங்குலப் பெண்ணாகிவிட்டேன், சாட்சிக்குப் பக்கத்தில் நாற்காலி. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் நேரில் வந்து, நான் மறந்துபோய் எழுந்து நின்றதும், அந்தப் பையனின் அக்கா என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சேர்த்துச் சுருக்கினால் பொய் தெரியாது, சேர்த்துப் பெருக்கினாலும் தெரியாது. கதவைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வரும்வரை.

அந்த ஆள், பிலோமினா அக்கா, நேற்று இரண்டரை மணிக்கு ஆபீஸுக்கு வந்தார். மாஸ்டர் அனுப்பியிருந்தார், ஒரு தடவை பார்த்துட்டு வா என்று. குட்டையாக, தோள் அகலமாக, தலைமுடியை ஒட்ட வெட்டி, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். "காசிமேட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன், ஏசிய கொஞ்சம் கூட்டி வை" என்றபடி என் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஓடவிட்டேன். பெண் ஓடி வந்தாள், எழும்பினாள், விளிம்பில் இறங்கினாள். நன்றாக இருக்கிறதென்று சொல்வார் என்று காத்திருந்தேன், பாராட்டுக்குக் காத்திருந்தேன், அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இன்னொரு தபா போடு." போட்டேன். கடலை மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. "இன்னொரு தபா, காலு மட்டும் தெரியற மாதிரி." கேமராவைக் கீழே இறக்கிப் போட்டேன். திரையைப் பார்த்தார், திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். "இவ நானில்ல கண்ணு. என்னாட்டம்தான் ஓடுறா, என்னாட்டம்தான் கைய வெச்சிருக்கா. ஆனா இவ உன் உசரம்." இல்லக்கா, நூத்தி அம்பத்திரண்டுதான், பாருங்க என்று எண்ணைக் காட்டினேன். குரலில் கொஞ்சம் திமிர்கூட இருந்திருக்கும். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. "அதோ கொடிக்கம்பி இருக்குது பாரு, அது எனக்குக் கழுத்துக்கு வரணும். இவளுக்கு நெஞ்சுக்கு வருது. எண்ணு இன்னா வேணா சொல்லட்டும்" என்றார். கத்தவில்லை, கோபமில்லை. கடலைத் தோலை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார். நான் பேரன்ட்டைத் திறந்தேன். ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. கணக்குப் போட்டேன், நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர் வந்தது. என் உயரம். அச்சாக என் உயரம். எனக்குத் தெரியாமலே அந்த மாடியில் நான் என்னை ஓடவிட்டிருக்கிறேன். பெரிய பெண்ணின் தாவலுக்கு வீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அதைத் தாண்ட ஒரு சின்னப் பெண்ணை அனுப்பப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றே தடவை. சபேசன் சார் பார்த்தார், டைரக்டர் பார்த்தார், மாஸ்டரே ஃபோனில் பார்த்தார், நான் எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன், எங்கள் எல்லாருக்கும் கண் இருந்தது. அவருக்குக் காலிலும் இருந்தது.

அப்புறம் அவர் செய்த காரியம். எழுந்து ஆபீஸ் நடைவழிக்குப் போனார். "இந்த டைலு எத்தினி அடி?" ரெண்டடிக்கா. ஒரு செருப்பை ஒரு கோட்டில் வைத்தார், எண்ணிக்கொண்டே போய் ஐந்தரை டைல் தள்ளி இன்னொன்றை வைத்தார். பதினோரு அடி. தரையில் படுத்துக் கிடக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் இரண்டு விரற்கடை. என் லேப்டாப் பையைக் கேட்டார், பொம்மையின் எடை அதுதான் இருக்குமாம், வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், ஒரு உள்ளங்கை பையின் மேல்முனையில், குழந்தையின் பின்தலையைப் பிடிப்பதுபோல. லேப்டாப்புக்குப் பின்தலை ஏது. ஆனாலும் பிடித்தார். கடைசி அறைவரை போய்த் திரும்பி, வெறுங்காலோடு ஓடி வந்து எழும்பினார். கீழ்வீட்டு ஓனர் என்ன சொல்வாரோ, தடாலென்று அதிர்ந்தது. ஐந்தாவது டைலின் கோட்டுக்குக் கிட்டே இறங்கியிருந்தார். நான் பேனாவால் குறிக்கப் போனேன். "இது வேணாம். மொத தபா ஆசையில தாண்டறது, அத கணக்குல எடுக்கக் கூடாது." இரண்டாவது தாவல். அதையும் வேண்டாம் என்றார், மூச்சு சரியில்லையாம். மூன்றாவது. "இத எழுதிக்க. நாள் பூரா கேட்டாலும் இது தருவேன்." நாலு டைல் முழுசு, ஐந்தாவதில் முக்கால். ஒன்பதரை அடி. நான் திரும்பி வந்து கால்குலேட்டரில் பதினொன்றை ஒன்று புள்ளி ஒன்று ஐந்தால் வகுத்தேன். ஒன்பது புள்ளி ஐந்து ஆறு. மணலில் தாவிய அதே தாவலைத்தான் நான் முதலில் செய்திருந்தேன், அது வியாழக்கிழமைவரை கெடாமல் உள்ளேயே இருந்தது, அவர் நடைவழியில் மூன்று முறை ஓடி அதைத் திரும்ப எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி இருக்குதா" என்றார்.

சபேசன் சார் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னது நியாயமாகவே பட்டது, அந்த ஒரு நிமிஷத்துக்கு. டைரக்டர்தானே பெரிசு பண்ணச் சொன்னார், டைரக்டர் மாத்தினார்னு சொல்லு மங்கை, நம்ம தப்புன்னு சொன்னா அடுத்த படம் வராது. மாஸ்டரின் எண்ணை அழுத்தும்வரை அப்படித்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், வலது காலை நீட்டி முழங்காலைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டு. மூன்று தடவை இறங்கியதில் வலித்திருக்கிறது. சொல்லவில்லை. யார் செய்த தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போதுவரை கேட்கவில்லை. "மாஸ்டர், இடைவெளி தப்பு. பதினொண்ணு இல்லை, ஒன்பதரை. என் தப்புதான்." சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது, செட்டில் நின்றுகொண்டிருந்தார் போல. எனக்கு அந்த மௌனம் எத்தனை நீளம் என்று சொல்லத் தெரியாது, அதற்கு டைல் இல்லை. "பிலோமினா பாத்தாளா?" பார்த்தாங்க மாஸ்டர், அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. "அப்ப சரி. எதிர்ப்பக்கம் தரைய ஒன்றரை அடி முன்னாடி இழுக்கச் சொல்றேன். நாளைக்குக் காலைல நீ இங்க வந்து நிக்கற. உன் கண்ணால பாரு." ஃபோனை வைத்துவிட்டார். அதனால்தான் நிற்கிறேன். இது தண்டனையா மரியாதையா என்று ராத்திரி முழுக்க யோசித்தும் தெரியவில்லை.

ஆனால் டைரக்டருக்குப் படம் மாறக்கூடாதே. நேற்று சாயங்காலம் அதைச் சரிசெய்தேன், அதை நினைத்தால் மட்டும் இப்போதும் கொஞ்சம் மூச்சு வருகிறது. பெண், குழந்தை, பை, இரண்டு வீடு, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி, அதில் காய்கிற லுங்கி, கடைசியாகக் கேமராவையும் பிடித்து, அத்தனையையும் ஒரே பேரன்ட்டின்கீழ் போட்டேன். எதையும் வெளியே விடவில்லை. ஒன்று புள்ளி ஒன்று ஐந்தால் சுருக்கினேன். திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு புள்ளி அசையவில்லை, நிழல்கூட நகரவில்லை, ஏதோ அழுத்த மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அளந்து பார்த்தால் அவள் நூற்று ஐம்பத்திரண்டு, இடைவெளி ஒன்பதரை. பார்க்கிற கேமராவும் சேர்ந்து சுருங்கினால் யாருக்கும் எதுவும் மாறாது. டைரக்டர் பார்த்துவிட்டு, அதே ஃப்ரேம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஃபோன் என்றார். தொட்டியும் கம்பியும் கட்டினபடியே இருக்கட்டும், கேமராவைக் கொஞ்சம் கிட்டே வைத்தால் போதும் என்றார் கேமராமேன். அவ்வளவுதான், முடிந்தது. பிலோமினா அக்காவிடம் ஃபோனில் சொன்னேன், அவருக்கு அந்த மந்திரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "தூங்கு" என்றார்.

லைட் ரெடி. எல்லாரும் சத்தத்தை அடக்குகிறார்கள். ரோப்பை இடுப்பில் மாட்டுகிறார்கள், அவர் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார், மாட்டியவரையும் ஒரு முறை பார்க்கிறார். பொம்மையை வாங்கிக்கொள்கிறார். கீழிருந்து பார்க்கும்போது எவ்வளவு சின்ன ஆள். சின்ன ஆள் என்று சொல்லக்கூடாது, சரியான அளவு. கோதண்டம் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நிற்கிறார், வெற்றிலை வாசனை. அந்த ஒரு அங்குலம். மரத்தூள். பெயின்ட். நான் நடைவழியில் சரியாக எண்ணினேனா, நாலா ஐந்தா, டைல் உண்மையிலேயே இரண்டடியா, யார் சொன்னது இரண்டடி என்று, நான்தான் சொன்னேன், நான் சொன்ன எல்லாவற்றின்மேலும்தான் அவர் ஓடப்போகிறார். ஆக்‌ஷன் என்ற சத்தம். பலகையில் காலடி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண முடியவில்லை, வேகமாக, அப்புறம் காலடி இல்லை. வெளிச்சத்தின் நடுவில் ஒரு ஆள். அந்த நேரத்தை எந்த மென்பொருளிலும் நான் வைத்ததில்லை, நான் வைப்பது இருபத்திரண்டு ஃப்ரேம், இது இருபத்திரண்டு ஃப்ரேம் இல்லை, இதில் என் வயிறும் இருக்கிறது. தட். பாதம். இரண்டு பாதம். விளிம்புக்கு உள்ளே ஒரு கை அகலம். முழங்கால் மடங்கி, தாங்கி, நிமிர்ந்து, நாலு எட்டு ஓடி நிற்கிறார். ரோப் தொய்வாகத் தொங்குகிறது, அதற்கு வேலையே இல்லை. யாரோ கை தட்டுகிறார்கள். மாஸ்டர் மூக்கால் ஒரு சத்தம் செய்துவிட்டு நகர்கிறார். என் கன்னத்தில் ஈரம், துடைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

"ஒன் மோர்" என்கிறது மைக். "குழந்தை முகம் துணில மறைஞ்சிருச்சு, ஒன் மோர் போலாம்." ஒன் மோரா? இன்னொரு முறையா? என் கணக்கில் ஒரே ஒரு தாவல்தான் இருந்தது, அது முடிந்துவிட்டது, உலகம் முடிந்து திரும்ப ஆரம்பித்துவிட்டது. மேலே பார்க்கிறேன், பிலோமினா அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பொம்மையின் துணியைக் கீழே இழுத்து முடிச்சைச் சரிசெய்துகொண்டே ஏணியில் இறங்குகிறார், வலது காலை ஒவ்வொரு படியிலும் ஊன்றிப் பார்த்து இறங்குகிறார், தரைக்கு வந்து, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஏணியை நோக்கி நடக்கிறார். என்னைக் கடக்கும்போது நிற்கிறார்.

"இன்னா மங்கை, மூஞ்சி இப்டி கீது? காலைல எதுனா சாப்ட்டியா?"

இல்லை என்று தலையாட்டுகிறேன்.

"போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா. இவங்க இன்னும் நாலு தபா கேப்பாங்க."

சொல்லிவிட்டு ஏறுகிறார். நான் போகவில்லை.